சட்டசபை என்ன கோர்ட்டா?

1987 ஏப்ரல் மாதம். எனக்கு ஒன்பதாம் வகுப்பு முழுப் பரீட்சை நேரம். எங்கள் ஊர் சேரன்மகாதேவி தொகுதியில் இருக்கிறது. அந்தத் தொகுதி எம்.எல்.ஏ. பி.எச். பாண்டியன்தான் அப்போது தமிழ்நாடு சட்டப்பேரவையின் சபாநாயகர். அதனால் ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குப் பேரவை மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை விதித்துவிட்டது என்று செய்தி வந்தபோது, எங்களுக்கு அது எங்கோ சென்னையில் நடந்த விஷயமாகத் தெரியவில்லை. சலூனிலும் டீக்கடையிலும் அதே பேச்சுதான். விகடன் அட்டையில் வந்த ஒரு ஜோக்தான் குற்றம். மேடையில் இருக்கும் இருவரில் பிக்பாக்கெட் மாதிரி இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரர் மாதிரி இருப்பவர் மந்திரி என்கிற ஜோக்.

என் சித்தப்பா அம்பாசமுத்திரம் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தார். அன்றைக்குச் சலூனில் பேப்பரை மடித்து வைத்துவிட்டு முடி வெட்ட உட்கார்ந்தவரிடம், பக்கத்தில் இருந்த பெரியவர் பெருமையாகச் சொன்னார்: "நம்ம ஊர்க்காரரு பவர காட்டிட்டாரு, பாத்தியளா?" சபாநாயகருக்கு வானளாவிய அதிகாரம் உண்டு என்ற வாசகம் அப்போது தமிழ்நாடு முழுக்கப் பேச்சாக இருந்தது. சித்தப்பா கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டார்: "பவரெல்லாம் சரிதான் அண்ணாச்சி. ஒருத்தன செயிலுக்கு அனுப்புறதுக்குச் சட்டசபை என்ன கோர்ட்டா?"

அந்தப் பெரியவர் பதில் சொல்லவில்லை. எனக்கும் அன்றைக்குப் பதில் தெரியவில்லை. பத்திரிகையாளர்கள் திரண்டு எதிர்த்ததில் சில நாட்களிலேயே பாலசுப்ரமணியன் விடுதலையானார். அதோடு விடாமல் அவர் நீதிமன்றத்துக்குப் போனார். பல வருடம் கழித்து உயர்நீதிமன்றம் அந்தத் தண்டனை செல்லாது என்று சொல்லி, 1,000 ரூபாய் இழப்பீடும் கொடுக்கச் சொன்னது. தொகை சின்னதுதான். ஆனால் பேரவை செய்தது தவறு என்று எழுத்தில் பதிவாகிவிட்டது.

பள்ளியில் அதிகாரப் பிரிவினை என்று ஒரு பாடம் இருந்தது. சட்டமன்றம் சட்டம் இயற்றும், அரசு அதை நடைமுறைப்படுத்தும், நீதிமன்றம் தீர்ப்பு சொல்லும். ஐந்து மதிப்பெண் கேள்வி. நானும் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் சித்தப்பாவின் கேள்விக்கு அந்தப் பாடத்தில் பதில் இல்லை. பதில் கிடைத்தது, வேலைக்குச் சேர்ந்து வெகுநாள் கழித்து, கேசவ் சிங் என்ற மனிதரின் வழக்கைப் படித்தபோது. நான் வக்கீல் இல்லை. தீர்ப்புகளைப் படிக்கும் பழக்கம் மட்டும் சித்தப்பாவிடமிருந்து ஒட்டிக்கொண்டது. நான் படித்த வழக்குகளில் என்னை விடாமல் பிடித்து வைத்திருப்பது இதுதான்.

கேசவ் சிங் உத்தரப்பிரதேசம் கோரக்பூரைச் சேர்ந்த சோஷலிஸ்ட் கட்சித் தொண்டர். அந்த ஊர்ப் பக்கத்து காங்கிரஸ் எம்.எல்.ஏ. நர்சிங் நாராயண் பாண்டே ஊழல் செய்ததாகச் சொல்லி, தோழர்களோடு சேர்ந்து ஒரு துண்டறிக்கை அச்சடித்து வெளியிட்டார். பெயர் போட்டு, பகிரங்கமாக. எம்.எல்.ஏ. அவதூறு வழக்குப் போட்டிருக்கலாம். அதற்குப் பதில், சபைக்கும் உறுப்பினர்களுக்கும் உள்ள சிறப்புரிமையை மீறிவிட்டார்கள் என்று பேரவையில் உரிமை மீறல் பிரச்சினை எழுப்பினார். பேரவை விசாரித்து, துண்டறிக்கை போட்டவர்களை அழைத்துக் கண்டிப்பது என்று முடிவு செய்தது. கண்டிப்பது என்றால் சபைக்கு முன்னால் நிற்க வைத்து சபாநாயகர் கண்டன வாசகத்தைப் படிப்பார், அவ்வளவுதான்.

கேசவ் சிங் போகவில்லை. கோரக்பூரிலிருந்து லக்னோ வர ரயில் கட்டணத்துக்குக் காசில்லை என்று சொல்லிவிட்டார்.

பேரவை வாரண்ட் பிறப்பித்தது. அவரைக் கைது செய்து, 1964 மார்ச் 14 அன்று சபையில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சபாநாயகர் மதன் மோகன் வர்மா பெயரைக் கேட்டார். பதில் இல்லை. திரும்பத் திரும்பக் கேட்டும் பதில் இல்லை. கேசவ் சிங் சபாநாயகருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டிருந்தார். அப்படியே நின்றவருக்குக் கண்டனத்தைப் படித்து முடித்தார்கள். பிறகு சபாநாயகர் ஒரு கடிதத்தை எடுத்தார். மூன்று நாள் முன்பு கேசவ் சிங் எழுதியது. துண்டறிக்கையில் இருப்பதெல்லாம் உண்மை, இந்தக் கண்டனத் தீர்மானம் ஒரு நாதிர்ஷாஹி ஃபர்மான் (கொடுங்கோல் ஆணை), ஜனநாயகத்தின் மீதான தாக்குதல் என்று அதில் எழுதியிருந்தார். 1739இல் டெல்லியைச் சூறையாடிய நாதிர் ஷாவின் பெயர் வடக்கே இன்னும் அப்படித்தான் புழங்குகிறது.

உடனே முதலமைச்சர் சுசேதா கிருபளானி எழுந்து, கடிதத்துக்காகவும் சபையில் நடந்துகொண்ட விதத்துக்காகவும் ஏழு நாள் சிறைத் தண்டனை விதிக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். அது நிறைவேறியது. கேசவ் சிங் லக்னோ சிறைக்குப் போனார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். புகார் சொன்னவர் ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. தண்டனை கேட்டவர் முதலமைச்சர். தண்டனை கொடுத்தது அந்த முதலமைச்சரின் கட்சி பெரும்பான்மையாக உட்கார்ந்திருந்த சபை. நம்முடைய முறையில் சட்டமன்றமும் அரசும் தனித்தனி ஆட்கள் கிடையாது. சபையில் பெரும்பான்மை வைத்திருப்பவர்தான் அரசு. சாதாரண நாட்களில் இது பிரச்சினை இல்லை. பட்ஜெட் போட வேண்டும், சட்டம் கொண்டுவர வேண்டும், அதற்கு இப்படி இருப்பதுதான் வசதி. ஆனால் சபை நீதிபதியின் நாற்காலியில் உட்கார்ந்தால் கூடவே அரசும் உட்கார்ந்துவிடுகிறது. காலையில் மந்திரியாக இருந்தவர் மதியம் நீதிபதி. அதுவும் தன்னைத் திட்டியவனை விசாரிக்கும் நீதிபதி. எதிரே நிற்பவனுக்கு வக்கீல் இல்லை, சாட்சி இல்லை, மேல்முறையீடு இல்லை. சித்தப்பா கேட்டது இதைத்தான் என்று எனக்குப் புரிந்தது அந்த மார்ச் 14 பற்றிப் படித்தபோதுதான்.

சரி, கதைக்கு வருகிறேன். மார்ச் 19 அன்று சாலமன் என்ற வக்கீல் கேசவ் சிங்குக்காக அலகாபாத் உயர்நீதிமன்றத்தின் லக்னோ கிளையில் மனுப் போட்டார். நீதிபதிகள் பெய்கும் சகலும் விசாரித்தார்கள். மதியம் 3 மணிக்கு அரசுத் தரப்பு வருவதாக ஏற்பாடு. மூன்று மணிக்கு யாரும் வரவில்லை. நீதிபதிகள் மனுவை ஏற்று, கேசவ் சிங்கை ஜாமீனில் விட உத்தரவிட்டார்கள். அவர்கள் பேரவையைப் பற்றி ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்லவில்லை. தண்டனையை ரத்தும் செய்யவில்லை. விசாரணை முடியும்வரை ஜாமீன், அவ்வளவுதான்.

மார்ச் 21 அன்று பேரவை ஒரு தீர்மானம் போட்டது. கேசவ் சிங், வக்கீல் சாலமன், நீதிபதிகள் பெய்க், சகல் ஆகிய நால்வரும் சபையை அவமதித்துவிட்டார்கள். கேசவ் சிங்கை மீண்டும் சிறையில் அடைக்க வேண்டும். மற்ற மூவரையும் காவலில் எடுத்து சபை முன் கொண்டுவர வேண்டும்.

பணியில் இருக்கும் இரண்டு உயர்நீதிமன்ற நீதிபதிகளைக் கைது செய்து கொண்டுவா என்று ஒரு மாநிலச் சட்டப்பேரவை உத்தரவிட்டது. அரசியலமைப்பின் 211ஆவது பிரிவு, கடமையைச் செய்யும்போது ஒரு நீதிபதி நடந்துகொண்ட விதத்தைப் பற்றிச் சட்டமன்றத்தில் விவாதிக்கவே கூடாது என்கிறது. விவாதிக்கவே கூடாதவர்களைக் கைது செய்யத் தீர்மானம். அந்த நீதிபதிகளுக்கு விஷயம் தெரிந்ததே அன்று மாலை வானொலிச் செய்தியில்தான்.

அடுத்த வேலை நாளான மார்ச் 23 அன்று அவர்கள் இருவரும் தங்களுடைய சொந்த நீதிமன்றத்திலேயே மனுதாரர்களாக நின்றார்கள். அலகாபாத் உயர்நீதிமன்றத்தின் மற்ற நீதிபதிகள் 28 பேரும் ஒரே அமர்வாக உட்கார்ந்து, பேரவைத் தீர்மானத்தை நிறைவேற்றத் தடை விதித்தார்கள். 28 பேர் கொண்ட அமர்வு. ஒரு மேசைக்குப் பின்னால் அவர்கள் எப்படி உட்கார்ந்திருப்பார்கள் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ஒரு கோணத்தில் அது கம்பீரம். இன்னொரு கோணத்தில் அது அச்சம் தருவது, ஏனென்றால் அங்கேயும் தங்கள் சக நீதிபதிகளின் வழக்கைத் தாங்களே கேட்கிறார்கள். வேறு வழி இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

பேரவை சற்று இறங்கி வந்தது. நீதிபதிகளின் விளக்கத்தைக் கேட்காமல் முடிவெடுப்பது நோக்கம் இல்லை என்று 25ஆம் தேதி இன்னொரு தீர்மானம் போட்டது. ஆனாலும் போலீஸ் யார் பேச்சைக் கேட்பது என்ற கேள்வி அப்படியே நின்றது. பேரவை கைது செய் என்கிறது, நீதிமன்றம் தொடாதே என்கிறது. நேரு உடல்நலம் குன்றியிருந்த மாதங்கள் அவை. மார்ச் 26 அன்று குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் 143ஆவது பிரிவைப் பயன்படுத்தி உச்சநீதிமன்றத்திடம் கருத்துக் கேட்டார். அந்தப் பிரிவு நமக்குப் புதிதில்லை. தமிழ்நாடு ஆளுநர் மசோதாக்களைக் கிடப்பில் போட்டதை எதிர்த்த வழக்கில் 2025 ஏப்ரலில் தீர்ப்பு வந்த பிறகு, அதே 143 வழியாகத்தான் மத்திய அரசு மறுபடியும் உச்சநீதிமன்றத்திடம் போனது. எல்லைக் கோடு எங்கே என்று தெரியாமல் தடுமாறும்போது இந்த நாடு தட்டுகிற கதவு அது.

ஏழு நீதிபதிகள் கேட்டார்கள். தலைமை நீதிபதி கஜேந்திரகட்கர். சென்னையிலிருந்து போன ராஜகோபால ஐயங்காரும் அந்த அமர்வில் இருந்தார். பேரவைக்காக வாதாடியவர் எச்.எம். சீர்வை, நீதிபதிகள் தரப்பில் எம்.சி. செதல்வாட். அந்தக் காலத்தில் இதைவிடப் பெரிய வக்கீல்கள் கிடையாது.

பேரவைத் தரப்பின் வாதம் அரசியலமைப்பின் 194(3) பிரிவில் நின்றது. அதைக் கவனமாகப் படிக்க வேண்டும். சட்டமன்றங்களின் அதிகாரங்களும் உரிமைகளும் என்ன என்பதைச் சட்டமன்றம் அவ்வப்போது சட்டம் இயற்றி வரையறுக்கலாம். அப்படி வரையறுக்கும் வரை, அரசியலமைப்பு தொடங்கிய நாளில் இங்கிலாந்து நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபைக்கு என்னென்ன அதிகாரம் இருந்ததோ அதுவே இங்கேயும். காமன்ஸ் சபைக்கு அவமதிப்புக்காகச் சிறையில் அடைக்கும் அதிகாரம் இருந்தது. அதை இங்கிலாந்து நீதிமன்றங்கள் கேள்வி கேட்டதில்லை.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1839இல் ஸ்டாக்டேல் என்ற பதிப்பாளர், நாடாளுமன்ற அறிக்கையில் தன்னைப் பற்றி அவதூறு இருப்பதாக அதை அச்சிட்ட ஹன்சார்டு மீது வழக்குப் போட்டு ஜெயித்தார். இழப்பீட்டை வசூலிக்க நீதிமன்றம் மிடில்செக்ஸ் ஷெரீஃப்களை அனுப்பியது. காமன்ஸ் சபை அந்த ஷெரீஃப்களைப் பிடித்துச் சிறையில் போட்டது. நீதிமன்ற உத்தரவைச் செய்ததற்காகச் சிறை! அவர்களை விடுவிக்கச் சொல்லி வந்த மனுவில் அதே நீதிமன்றம் கையை விரித்தது. சபையின் வாரண்டில் காரணம் எழுதவில்லை, காரணம் எழுதாத வாரண்டை நாங்கள் கிளற முடியாது என்றார்கள். லக்னோ பேரவை கேட்டது இதே பாதுகாப்பைத்தான்: நாங்கள் காரணம் சொல்லாமல் வாரண்ட் போட்டால் எந்த நீதிமன்றமும் அதைத் தொடக் கூடாது.

1964 செப்டம்பர் 30 அன்று உச்சநீதிமன்றம் கருத்துச் சொன்னது. ஆறு பேர் ஒரு பக்கம், நீதிபதி சர்க்கார் மட்டும் மறுபக்கம். ஆறு பேர் சொன்னதன் சாரம், என் சித்தப்பா முடி வெட்டிக்கொண்டே கேட்ட கேள்விதான். இங்கிலாந்து நாடாளுமன்றம் ஒரு காலத்தில் உயர் நீதிமன்றமாகவே இருந்தது. அந்த வழியில்தான் காமன்ஸ் சபைக்கு இப்படிப்பட்ட அதிகாரங்கள் வந்தன. அந்த நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபை 2009 வரை அந்த நாட்டின் உச்சநீதிமன்ற வேலையைப் பார்த்தது. இந்தியச் சட்டமன்றங்கள் எந்தக் காலத்திலும் நீதிமன்றமாக இருந்ததில்லை. பிரிட்டிஷார் காலத்திலும் இல்லை, பிறகும் இல்லை. ஆகவே நீதிமன்றம் என்ற முறையில் வந்த பாதுகாப்பை மட்டும் தனியே கழற்றி இங்கே கொண்டுவந்து மாட்ட முடியாது. இங்கே எழுதப்பட்ட அரசியலமைப்பு இருக்கிறது, அடிப்படை உரிமைகள் இருக்கின்றன, சிறையில் இருப்பவன் நீதிமன்றத்தை அணுகும் உரிமை இருக்கிறது. மனுவை ஏற்று ஜாமீன் கொடுத்ததால் நீதிபதிகள் சபையை அவமதிக்கவில்லை. மனுப் போட்டதால் வக்கீலும் அவமதிக்கவில்லை.

அந்தக் கருத்துரையில் எனக்குப் பிடித்த பகுதி வேறொன்று. நீதிமன்றங்களுக்கும் அவமதிப்புக்குத் தண்டிக்கும் அதிகாரம் இருக்கிறதே, அதையும் தொட்டுச் சொல்கிறார் கஜேந்திரகட்கர். அந்த அதிகாரத்தை மிக நிதானமாக, யோசித்துத்தான் பயன்படுத்த வேண்டும். நீதிபதிகளின் மரியாதை அவர்கள் எழுதும் தீர்ப்பின் தரத்திலிருந்துதான் வர வேண்டும் என்கிறார். சட்டமன்றத்துக்குச் சொன்னதைத் தன் வீட்டுக்கும் சொல்லிக்கொண்ட நீதிபதி. நீதிமன்ற அவமதிப்பு வழக்குகளைப் பார்க்கும்போதெல்லாம், இன்றைய நீதிபதிகள் அந்தப் பக்கங்களை ஒருமுறை எடுத்துப் படிக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். தன்னைத் திட்டியவனைத் தானே விசாரிப்பது சபைக்கு எவ்வளவு ஆபத்தோ அவ்வளவு ஆபத்து நீதிமன்றத்துக்கும்.

ஆனால் அந்த 194(3) பிரிவு இருக்கிறதே, அதுதான் எனக்கு ஆறாத விஷயம். சட்டம் இயற்றி வரையறுக்கும் வரை என்று 1950இல் எழுதினார்கள். தற்காலிக ஏற்பாடு. அதன் பிறகு நாடாளுமன்றமோ, ஒரு மாநிலச் சட்டமன்றமோ தன் உரிமைகள் இவை, மீறினால் தண்டனை இவ்வளவு, விசாரிக்கும் முறை இப்படி என்று முழுதாகப் பட்டியலிட்டு ஒரு சட்டம் போட்டதில்லை. 1978இல் 44ஆவது திருத்தம் வந்தபோது, அந்நிய நாட்டுச் சபையின் பெயர் நம் அரசியலமைப்பில் இருப்பது கௌரவக் குறைவு என்று காமன்ஸ் என்ற சொல்லை எடுத்தார்கள். இதுவரை என்ன அதிகாரம் இருந்ததோ அதுவே தொடரும் என்று எழுதி வைத்தார்கள். பெயர் போனது, சரக்கு அப்படியே இருக்கிறது. 2002இல் நீதிபதி வெங்கடாசலய்யா தலைமையிலான அரசியலமைப்பு ஆய்வு ஆணையமும் வரையறுக்கச் சொல்லிப் பார்த்தது. நடக்கவில்லை.

ஏன் வரையறுக்கவில்லை? இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. உரிமைகளைச் சட்டமாக எழுதிவிட்டால் அது மற்ற எல்லாச் சட்டங்களையும் போல அடிப்படை உரிமைகளுக்குக் கட்டுப்பட வேண்டும். பேச்சுரிமையை மீறினால் நீதிமன்றம் அதை ரத்து செய்யலாம். எழுதாமல் விட்டால் அதிகாரம் புகை மாதிரி, எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று யாருக்கும் தெரியாது. எழுதாமல் விடுவதில் எல்லாக் கட்சிக்கும் லாபம். இன்று எதிர்க்கட்சியில் இருந்து கொதிப்பவர் நாளை ஆளுங்கட்சி ஆனதும் அதே ஆயுதத்தை எடுக்கிறார். என் கோபம் எந்த ஒரு கட்சி மீதும் இல்லை, எல்லோரும் சேர்ந்து காக்கிற இந்த மௌனத்தின் மீதுதான்.

நம் ஊரிலேயே பாருங்கள். விகடன் விவகாரம் முடிந்து 16 வருடம் கழித்து, 2003 நவம்பர் 7 அன்று, சபாநாயகர் காளிமுத்து காலத்தில், தி இந்து நாளிதழைச் சேர்ந்த ஐந்து பேருக்கும் முரசொலி ஆசிரியருக்கும் பேரவை 15 நாள் சிறை விதித்தது. ஒரு தலையங்கமும் சில செய்திக் கட்டுரைகளும்தான் காரணம். அன்று மாலையே போலீஸ் தேடிப் புறப்பட்டது. 10ஆம் தேதி உச்சநீதிமன்றம் கைதுக்குத் தடை விதித்தது. 2017இல் கர்நாடகப் பேரவை இரண்டு பத்திரிகை ஆசிரியர்களுக்கு ஓராண்டு சிறை என்றது. இங்கிலாந்தில், எந்தச் சபையைப் பார்த்து இதை வாங்கினோமோ அந்தச் சபை, கடைசியாக ஒருவரைக் காவலில் வைத்தது 1880இல். சார்லஸ் பிராட்லா என்ற உறுப்பினரை, மணிக்கூண்டு அறையில். அதற்குப் பிறகு யாரையும் அடைக்கவில்லை.

சித்தப்பா 2003 வரை இருந்தார். அந்த நவம்பரில் நான் ஊருக்குப் போயிருந்தபோது தொலைக்காட்சியில் செய்தியைப் பார்த்துவிட்டு, "இன்னுமால எழுதி வைக்கல?" என்று கேட்டார். என்ன எழுதி வைக்க என்று நான் கேட்கவில்லை. எனக்கு அதற்குள் 194(3) தெரிந்திருந்தது.

கேசவ் சிங்குக்கு என்ன ஆனது என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். உச்சநீதிமன்றம் சொன்னது நீதிபதிகளைப் பற்றி, வக்கீலைப் பற்றி, சபையின் வாரண்டைப் பற்றி. அவருடைய மனு அலகாபாத்திலேயே நிலுவையில் கிடந்தது. 1965 மார்ச் 10 அன்று உயர்நீதிமன்றம் அதை விசாரித்து முடித்தது. நீதிமன்றத்துக்கு விசாரிக்கும் அதிகாரம் உண்டு, ஆனால் அவமதிப்புக்காகத் தண்டிக்கும் அதிகாரம் சபைக்கும் உண்டு, இந்தத் தண்டனையில் குறை காண முடியவில்லை என்று மனுவைத் தள்ளுபடி செய்தது. 14ஆம் தேதி உள்ளே போய் 19ஆம் தேதி ஜாமீனில் வந்தவர் ஆறு நாள் கழித்திருந்தார். ஏழு நாள் தண்டனை. பேரவையும் நீதிமன்றமும் ஒரு வருடம் மோதி, 28 நீதிபதிகளும் ஏழு நீதிபதிகளும் உட்கார்ந்து எழுந்த பிறகு, லக்னோ வர ரயிலுக்குக் காசில்லை என்று சொன்ன அந்த மனிதர் மீதி இருந்த ஒரு நாளுக்காக மறுபடியும் சிறைக்குப் போக வேண்டியிருந்தது.